செஞ்சிக் கோட்டையில் ஒரு காமிரா

“திண்ணை எங்கேடா?” என்று கேட்டாள் அம்மா.

கேள்வி நியாயமானதுதான். அவள் கையில் இருந்தது எங்கள் கிராமத்து வீட்டின் புகைப்படம். வீட்டை விற்பதற்கு முதல் நாள், 2011-ம் ஆண்டு சித்திரை மாதத்தில், காலை பதினொரு மணி வெயிலில் நான் எடுத்தது. வாங்கியவர் மறு மாதமே அதை இடித்துவிட்டார். அவர் பணம், அவர் மனை, குறை சொல்வதற்கில்லை. ஆகவே அந்த வீட்டுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி இந்த ஒரு படந்தான்.

சாட்சி சொல்லும் அழகைப் பாருங்கள்! வானம் வெறும் வெள்ளைக் காகிதம். ஓடு கொஞ்சம் தெரிகிறது. வெயில் பட்ட வெளிச்சுவர் வெள்ளை வேட்டி போல் பளபளக்கிறது. திண்ணை இருக்கவேண்டிய இடத்திலோ கரித்துணியை ஒட்டினாற்போல் ஒரே கறுப்பு. நான்கு தேக்குத் தூண்கள், அவற்றின் தலையில் செதுக்கிய தாமரைப் பூ, பாட்டி சாய்ந்து உட்காரும் மூலை எல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய் மறைந்துவிட்டன. போதாக்குறைக்கு வீடே பின்பக்கமாகச் சாய்ந்து விழப்போவது போல் நிற்கிறது. இடித்தவர் மேல் பழி போடலாம் போலிருக்கிறது. ஆனால் அவர் கை வைப்பதற்கு முன்பே என் காமிரா அதைச் சாய்த்துவிட்டது.

காமிரா நல்ல காமிராதான். ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியது. அதோடு கூட வந்த சிறு புத்தகத்தை நான் ஒரு வரி கூடப் படிக்கவில்லை என்பதுதான் உண்மை. கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவனுக்குப் பித்தானை அழுத்தவா தெரியாது என்ற எண்ணம்!

என்னைப் போன்றவர்கள் நாட்டில் ஏராளம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் மதிலுக்கு முன்னாலும் கோட்டை வாசலிலும் பாழடைந்த சத்திரத்தின் எதிரிலும் எத்தனை பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்! வீட்டுக்கு வந்து பார்த்தால் நேரில் கண்ட கம்பீரத்தில் காலே அரைக்கால் கூடப் படத்தில் இருக்காது. ஏன் இப்படி ஆகிறது? இதைத் தெரிந்துகொள்ள, நாற்பது வருஷமாக ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்திருக்கும் ஒரு பெரியவரைப் பிடித்தேன். “கடைக்குள்ளே உட்கார்ந்து சொன்னால் விளங்காது, தம்பி. செஞ்சிக்கு வாங்க” என்றார். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கருக்கலிலேயே போய்ச் சேர்ந்தோம்.

வரப்பில் நின்ற ஒரு மணி நேரம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் போனவர்கள் செஞ்சியை மறந்திருக்க மாட்டார்கள். ராட்சசக் குழந்தை விளையாடிவிட்டுப் போட்ட கூழாங்கற்களைப் போல் பாறை மேல் பாறையாகக் குவிந்த குன்றுகள். அவற்றுள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்றையும் மதிலால் வளைத்துக் கோட்டையாக்கியிருக்கிறார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். 1677-ல் சிவாஜி பிடித்தது, 1714-ல் ராஜா தேசிங்கு நவாபின் படையோடு பொருது மாண்டது என்று இந்த மலைக்குக் கதைகள் நிறைய. 2025-ம் ஆண்டு மராட்டியர் காலத்துக் கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அந்த வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சிதான். அதன் பிறகு காமிராக்களும் கூடியிருக்கின்றன.

கோட்டைக் கதவு திறக்க இன்னும் நேரமிருந்தது. பெரியவர் கதவுப் பக்கமே போகவில்லை. ஊருக்கு மேற்கே வயல் வரப்பில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். “நல்ல வெயில் வர்ற நேரத்துக்குக் கதவு திறக்காது. கதவு திறக்கிற நேரத்துக்கு நல்ல வெயில் போயிடும். அதனாலே மலையை வெளியே இருந்து எடுக்கணும், உள்ளே இருக்கிற கட்டடத்தை உள்ளே போய் எடுக்கணும்” என்றார்.

கிழக்கு வெளுத்தது. நான் அவசரம் அவசரமாகக் கைப்பேசியை எடுத்து, அகலமாகத் தெரியும் வில்லையைத் தட்டி, மூன்று மலையும் அடங்க ஒரு படம் எடுத்துக் காட்டினேன். மனிதர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“மலையை எறும்பாக்கிட்டீங்களே!”

உண்மைதான். எல்லாம் விழ வேண்டும் என்று அகல வில்லையைப் போட்டால், காலடியில் இருக்கும் வரப்பு பெரிதாகவும் தூரத்து மலை சிறிதாகவும் விழுகிறது. கண் அப்படிப் பார்ப்பதில்லை. மனம் எதை நாடுகிறதோ அதைப் பெரிதாகக் காட்டிவிடுகிறது. காமிராவுக்கு மனம் ஏது? பெரியவர் என்னை இருநூறு அடி பின்னால் நடத்திச் சென்றார். அங்கிருந்து, தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் வில்லையால் பார்க்கச் சொன்னார். என்ன ஆச்சரியம்! நடுவில் நின்ற பனைமரம் அடங்கி ஒடுங்கிவிட்டது. அதன் பின்னே ராஜகிரி விசுவரூபம் எடுத்து நிற்கிறது. முன்னிருக்கும் பொருளிலிருந்து நாம் எவ்வளவு விலகி நிற்கிறோமோ அவ்வளவு அது சிறுத்து, பின்னிருப்பது ஓங்கும். இது வில்லையின் மாயமல்ல, நிற்கிற இடத்தின் மாயம். காமிராக் கடையில் ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்கு முன் காலுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்துப் பார்க்கலாம்.

“சரி, எடுக்கலாமா?” என்றேன்.

“ஆள் வரட்டும்.”

எந்த ஆள் என்று எனக்கு விளங்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து, தலையில் முக்காடு போட்ட ஓர் அம்மாள் ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு குட்டையோரமாக வந்தாள். பெரியவர் அவளிடம் “தாயி, படம் எடுக்கிறோம், நடந்துகிட்டே இருங்க” என்று குரல் கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அப்போதுதான் தட்டச் சொன்னார். படத்தில் அந்த அம்மாள் ஒரு நெல்மணி அளவுதான் இருக்கிறாள். ஆனால் அவளைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாறைகள் எவ்வளவு பெரியவை, அவற்றின் மேல் மதில் கட்டியவன் எவ்வளவு துணிச்சல்காரன் என்பது மனத்தில் படுகிறது. அவளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். 800 அடி மலை வீட்டுக் கொல்லையில் கொட்டிய ஜல்லிக் குவியலாகிவிடும்.

வானத்துக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு என்று கேட்டேன். படத்தை மூன்றாகப் பிரித்து, அடிவானத்தை ஒரு கோட்டில் வை என்று புத்தகங்கள் சொல்கின்றனவே? “வானத்திலே விஷயம் இருந்தா வானத்துக்கு இடம் கொடுங்க. இல்லாட்டித் தரைக்குக் கொடுங்க. ரெண்டுலேயும் விஷயம் இல்லேன்னா டீ குடிக்கப் போங்க” என்று சொல்லிவிட்டார். அன்று வானத்தில் மேகமே இல்லை. ஆகவே அதை ஒரு விரற்கடை மட்டும் விட்டு, குட்டைத் தண்ணீரில் மலையின் நிழல் விழும் பக்கத்துக்கு இடம் கொடுத்தோம்.

போட்டோவுக்கு ஒரு பஞ்சாங்கம்

பெரியவரின் பையில் காமிராவோடு ஒரு பொருளைக் கண்டு வியந்தேன். பாம்புப் பஞ்சாங்கம்! ராகுகாலம் பார்த்துப் படம் எடுப்பாரோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். அவர் பார்ப்பது சூரியனின் அயனத்தை.

பழைய கட்டடத்தைப் படம் எடுப்பவர்களுக்கு மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் யோசனையெல்லாம் அந்த நாட்டுச் சூரியனுக்கு. லண்டனில் நடுக்கோடையில்கூடச் சூரியன் உச்சிக்கு வருவதில்லை, சாய்ந்தே போகிறது. பகல் முழுவதும் ஏதாவது ஒரு சுவரில் சாய்வெயில் இருக்கும். செஞ்சியில் அப்படியா? ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு பிற்பகுதியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கிறது. நட்டு வைத்த கம்புக்குக்கூட நிழல் இல்லாத நாட்கள் அவை. அந்த வெயிலில் தரை தகிக்கும், கூரை தகிக்கும். நிமிர்ந்து நிற்கும் சுவருக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்காது. தாழ்வாரத்தின் நிழல் திரைச்சீலை போல் முகப்பை மூடிவிடும். என் சித்திரை மாதத்துத் திண்ணை கறுத்துப் போனதன் ரகசியம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு விஷயம். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று பள்ளியில் படிக்கிறோம். சரியாகக் கிழக்கே உதிப்பது வருஷத்தில் இரண்டு நாள்தான், மார்ச்சிலும் செப்டம்பரிலும். டிசம்பர் 21, 22 தேதிகளில் தென்கிழக்குப் பக்கமாக 24 பாகை தள்ளி உதிக்கும். ஜூன் 21 வாக்கில் வடகிழக்கே அதே அளவு தள்ளி உதிக்கும். மாலையிலும் இதே கணக்கு. இரண்டு கோடிக்கும் இடையே ஏறத்தாழ 48 பாகை. கட்டடம் நகராது; வெயில் நகர்கிறது. பஞ்சாங்கம் உத்தராயணத்தைத் தை முதல் நாளில் வைத்தாலும், வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. இந்த மூன்று வார வித்தியாசம் போட்டோக்காரருக்கு ஒரு பொருட்டல்ல.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு எதிரிலேயே சாட்சி இருந்தது. கிருஷ்ணகிரி சாலைக்கு வடக்கே இருக்கிறது. சாலையிலிருந்து நாம் பார்ப்பது அதன் தெற்கு முகம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் காலை முதல் மாலை வரை அந்த முகத்தில் வெயில் இருக்கும். ஆனியில் அதே இடத்தில் வந்து நின்றால், பொன்வெயில் அடிக்கும் காலையிலும் மாலையிலும் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம். நமக்குத் தெரியும் முகம் மங்கலாக இருக்கும். வடக்குப் பார்த்த வாசல் உள்ள மாளிகையோ கோயிலோ உங்கள் ஊரில் இருந்தால், மார்கழி முழுவதும் காத்திருந்தாலும் அந்த முகப்பில் ஒரு கீற்று வெயில் விழாது. அதற்கு ஆனி, ஆடிதான் காலம்.

“கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிற மாதிரிதான் தம்பி. சுவர் எந்தத் திசை பார்க்குதுன்னு முதல்லே பாருங்க, அப்புறம் மாசத்தைப் பாருங்க, கடைசியா மணியைப் பாருங்க” என்றார் பெரியவர்.

அன்று காலை சூரியன் எங்கள் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. ராஜகிரியின் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். மதிலின் வளைவுகள் கோலப்பொடியால் இழுத்த கோடு போல் எடுத்துக் காட்டின. நேர் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் எல்லாம் தெரியும். ஆனால் எல்லாம் தட்டையாகத் தெரியும். அரைமணி நேரந்தான் அந்த அழகு. ஏழேகாலுக்கெல்லாம் மலை வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

வெள்ளைச் சுவரும் கறும்பாறையும்

ஒன்பது மணிக்குமேல் உள்ளே போனோம். ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மஹால் இருக்கிறது. சதுரமான முற்றத்தைச் சுற்றி வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவே மாடிமாடியாக ஏறிக் கூம்பில் முடியும் கோபுரம். சுண்ணாம்புப் பூச்சு இன்னும் வெளிறிய நிறத்தில் மின்னுகிறது. பின்னால் மலையின் கறும்பாறை. ஒளியளவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேறு வேண்டாம்.

காமிராவுக்குள் ஒளியை அளக்கும் கருவிக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் உண்டு. உலகத்தில் உள்ள எதுவும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் சித்தாந்தம். வெள்ளைச் சுவரைக் காட்டினால், ‘இவ்வளவு வெளிச்சம் தகாது’ என்று குறைத்து, சுவரை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். கறும்பாறையைக் காட்டினால், ‘ஐயோ, இருட்டு!’ என்று கூட்டி, பாறையை வெளுத்த சாம்பலாக்கிவிடும். இரண்டிலும் அது தன் கடமையைத்தான் செய்கிறது. திருத்த வேண்டியவர் நாம். சட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால் ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு என்று அர்த்தம். கறும்பாறை நிறைந்திருந்தால் அதே போல் குறைக்க வேண்டும். எல்லாக் காமிராவிலும் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பித்தான் இருக்கிறது. கைப்பேசியில், திரையில் சுவரின் மேல் விரலை வைத்தால் ஒரு சின்னச் சூரியன் தோன்றும். அதை மேலும் கீழும் இழுத்தால் போதும். பல வருஷமாக இந்தச் சூரியனை நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

கருவியே வேண்டாம் என்பவர்களுக்குப் பிலிம் காலத்துக் கணக்கு ஒன்றைப் பெரியவர் சொன்னார். நல்ல வெயிலில், துவாரத்தை 16-ல் வைத்து, பிலிமின் வேக எண் எதுவோ அதை விநாடியின் பகுதியாக வைத்துவிடுவது. வேகம் 100 என்றால் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். காமிரா டிஜிட்டல் ஆனாலும் சூரியன் மாறவில்லை; கணக்கு இன்றும் பலிக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் பழைய பாடம் தலைகீழாகிவிட்டது. நெகடிவ் பிலிமில் நிழலைக் காப்பாற்றினால் போதும். வெளிச்சமான இடம் கொஞ்சம் மிஞ்சினாலும் இருட்டறையில் மீட்டுக்கொள்ளலாம். டிஜிட்டலில் எரிந்து வெள்ளையான இடம் எரிந்ததுதான். அங்கே ஒன்றும் பதிவாவதில்லை. எந்த ஜாலவித்தையும் அதை மீட்காது. இருட்டில் மாட்டியதையோ பிற்பாடு ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே சந்தேகம் வந்தால் வெளிச்சமான சுவரைக் காப்பாற்றும்படி ஒளியைக் குறைத்து எடுங்கள். படம் சற்று இருட்டாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம்.

கல்யாண மஹாலின் அருகே நெற்களஞ்சியம் இருக்கிறது. உயர்ந்த வளைவுக் கூரை. உள்ளே கண்ணைக் கட்டும் இருட்டு. வாசலில் கண் கூசும் வெயில். இதை ஒரே படத்தில் பிடிக்க எந்தக் காமிராவாலும் முடியாது. அதற்கு மூன்று படம் எடுப்பார்கள். ஒன்று உள்ளதை உள்ளபடி, ஒன்று இரண்டு ஸ்டாப் குறைத்து, ஒன்று இரண்டு ஸ்டாப் கூட்டி. பிறகு கணிப்பொறியில் மூன்றையும் இழைத்து ஒன்றாக்குவது. இப்போதைய கைப்பேசிகள் நமக்குத் தெரியாமலே இதைச் செய்துவிடுகின்றன. சமயத்தில் அளவு மீறிச் செய்து, இருட்டே இல்லாத ஓர் இருட்டறையைக் கொடுக்கின்றன. பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். களஞ்சியம் இருட்டாக இருந்தால்தான் களஞ்சியம். நாங்கள் வாசலை மட்டும் அளந்து, வளைவைக் கறுப்புச் சட்டமாக வைத்து, அதன் நடுவில் மலையைப் பிடித்தோம். முக்காலி வைக்க ஆசைப்பட்டேன். தொல்பொருள் துறையின் இடங்களில் அதற்கு முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். நான் வாங்கவில்லை. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

கோபுரம் சாயாமல் நிற்க

கல்யாண மஹாலின் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் என்ன ஆகும்? என் வீட்டுக்கு ஆனதுதான் ஆகும். காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்க்கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் மல்லாந்துவிடும். மருந்து எளியது. பின்னால் போங்கள், காமிராவைச் சுவர் போல் நிமிர்த்திப் பிடியுங்கள், கீழே வெறுந்தரை அதிகமாக விழுந்தால் பிறகு வெட்டி எறியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் இதற்கு ஏற்ற இடம். 216 அடி விமானத்தைக் கட்டிய ராஜராஜன், அதைப் பார்க்க எவ்வளவு தூரம் பின்வாங்க வேண்டும் என்பதற்கும் சேர்த்தே பிராகாரம் விட்டிருக்கிறானோ என்று தோன்றும்! சந்து பொந்தில் மாட்டிக்கொண்ட கட்டடமானால் எதிர்வீட்டு மாடிக்கு அனுமதி கேட்டு ஏறிவிடுவது உத்தமம். பாதி உயரத்திலிருந்து எடுத்தால் கோடு சாயாது.

மின்கம்பி, குப்பை, தண்ணீர்ப் புட்டி, சுவரில் காதலர்கள் பொறித்த பெயர்கள் இவற்றைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. இரண்டடி நகர்ந்தால் பாதி மறையும். குனிந்து பொறுக்கினால் மீதியும் மறையும்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வேலையில்லை என்று பெரியவர் கட்டுச்சோற்றைப் பிரித்தார். ஆனால் சாப்பிட்டு எழுந்ததும் என்னைத் தாழ்வாரத்துக்குள் கூட்டிச் சென்று மேலே பார்க்கச் சொன்னார். முற்றத்துத் தரையில் கொட்டிய வெயில் எழும்பி, வளைவுகளின் உட்புறத்தில் பாலைத் தெளித்தாற்போல் பரவியிருந்தது. காலையில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. வெளிமுகப்புக்கு எமனான உச்சிவெயில் உள்தாழ்வாரத்துக்கு விளக்காகிறது. பாட்டியின் திண்ணையைக்கூட, தெருவில் நிற்காமல் திண்ணை மேலேயே ஏறி நின்று எடுத்திருந்தால், அந்தப் பதினொரு மணியிலும் நன்றாக வந்திருக்கும்.

ட்ரைப் துரையின் காகித நெகடிவ்

இளைப்பாறிய வேளையில் பேச்சு பழைய படங்களின் பக்கம் திரும்பியது. 1856-ல் சென்னை ராஜதானி அரசாங்கம் லின்னியஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858-ல் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தஞ்சை, மதுரை முதலான இடங்களுக்குப் போய்ப் படம் பிடித்தார். பிலிம் ஏது, அந்தக் காலத்தில்? ஒரு அடிக்கு மேல் நீளமுள்ள காகிதத்தையே நெகடிவாக்கினார். அந்தக் காகிதத்துக்கு நீல நிறத்தின் மேல் அளவு கடந்த மோகம். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவே விழும். இன்று நம் கைப்பேசியில் ஆகும் அதே விபத்து! ட்ரைப் துரை சும்மா விடவில்லை. நெகடிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். இதைப் பித்தலாட்டம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கட்டடத்தில் அவர் கைவைக்கவில்லையே.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்து தெரிய வேண்டுமானால் கல்லின் மேல் வெயில் பக்கவாட்டில் உரசிச் செல்ல வேண்டும். இந்தக் காலத்துக் காமிராவோடு போனாலும் அதற்குக் குறுக்குவழி கிடையாது. மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலையும் எடுத்தார். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்து 1866 முதல் அதைச் செப்பனிடுவதற்கு முந்திய கோலம் அந்தப் படங்களில் இருக்கிறது. செலவு அதிகம் என்று சில வருஷங்களிலேயே ட்ரைப் துரையின் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். மஹால் முன்பு எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு, செலவு போக மிஞ்சியது அந்தப் படங்கள்.

கட்டடம் நகராது என்று சற்று முன்பு எழுதினேன். அதுவும் முழு உண்மையல்ல. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை. கீழ்க்கோட்டையில் உள்ள வெங்கடரமணர் கோயிலுக்குள் நடந்தபோது, எங்கே எந்தத் தூண் நின்றிருக்கும் என்று நான் வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கியது. காலையில் நிறமும் மடிப்புமாக இருந்த மலை, இப்போது கத்தரித்து ஒட்டிய கறுப்புக் காகிதம். “இப்போ வானத்தை அளங்க, மலையை விட்டுடுங்க” என்றார் பெரியவர். அளந்தேன். உச்சிக் கட்டடத்தின் உருவம் வரிவடிவமாக விழுந்தது. அது ஒரு படத்துக்குச் சரி. பத்துப் படம் அப்படி எடுத்தால் அலுத்துவிடும்.

திரும்பி வந்து, ஸ்டூடியோவில் உட்கார்ந்து அன்றைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்றுப்பத்து எடுத்ததில் ஏழு தேறின. பெரியவர் என்னவோ நினைத்துக்கொண்டவர் போல், “அந்த வீட்டுப் படம் இருக்கா?” என்றார். கைப்பேசியில் இருந்ததை அனுப்பினேன். அவர் கணிப்பொறியில் நிழற்பகுதியை மட்டும் மெல்ல மெல்லத் தூக்கினார். கறுப்பு சாம்பலாகி, சாம்பலுக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மொய்த்தன. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே முதலில் ஒரு தூண் வந்தது. பிறகு இன்னொன்று. தாமரைப் பூ வரவில்லை. அதன் தடிப்பு மட்டும் தெரிந்தது. மூலையில், தரையோடு தரையாக, சதுரமாக ஏதோ ஒன்று.

அதை ஒரு பிரதி போட்டு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்று பார்த்தாள்.

“பாட்டியோட வெற்றிலைப் பெட்டிடா” என்றாள்.

அப்புறம் விரலை நகர்த்தி, திண்ணையை ஒட்டிய வெளிச்சுவரைத் தொட்டாள். அங்கேதான் பாட்டி கரித்துண்டால் பால்கணக்கு எழுதி வைப்பாள். அதைக் கொஞ்சம் தெரியும்படி செய்ய முடியுமா என்று கேட்டாள். சுவர் எரிந்து வெள்ளையாகிவிட்டது, அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.